புது மாத்திரை எதுவும் இல்லை

பிப்ரவரி 9

என் பொடிசுத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுவாய் என்று பார்த்தேன், காணோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அம்மா போய் மூன்று வாரமாகிறது. லீவு இல்லையென்று நீ உடனே கிளம்பிவிட்டாய், அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரி வேலை அப்படித்தான். ஆனால் மூன்று மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தால் பேச ஆளில்லை. எனக்குக் காது மந்தம். என்னிடம் கத்திப் பேசிப் பேசியே அம்மாவுக்குத் தொண்டை கட்டும். இப்போது யாரும் கத்துவதில்லை. தைக்கச் சொல்லி வந்த திரைச்சீலைகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அம்மாவின் அலமாரியைக் காலி செய்தேன். மாத்திரைகளை எல்லாம் மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பல்செட்டை மட்டும் தூக்கிப்போட மனசு வரவில்லை. பாழாய்ப்போன அந்தப் புதுச் செட்தான் ஈறெல்லாம் புண்ணாக்கி, வாய் முழுக்க வெள்ளை படரச் செய்தது. கடையில் சொல்லி ஒரு வாய்ப் பூச்சு வாங்கி, கடைசி இரண்டு வாரமும் சாப்பாட்டுக்குப் பிறகு நானே விரலால் தடவிவிட்டேன். "உன் கை பட்டாத்தாண்டி எரிச்சல் அடங்குது" என்பாள். அவளுக்குக் கடைசியாக நான் செய்த நல்லது அதுதான். அந்தக் குழாயில் பாதி இன்னும் இருக்கிறது, வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். தலைக்குள் ரத்தம் கசிந்ததற்கு, ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போனதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னாரே. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த அந்த இளஞ்சிவப்பு மாத்திரையை, ஏதோ ஒரு நாள் மறதியில் நான் இரண்டு தடவை கொடுத்துவிட்டேனோ? படுத்தால் இதே நினைப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. வைத்தியர்கள் எழுதுகிற மருந்தையே சரிபார்க்கிறவள் நீ. எதனால் ஆச்சு என்று நீதான் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 20
(அனுப்பவில்லை)

அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலமாகத்தான் இருக்கிறேன்.

நீ மாத்திரையை இரண்டு தடவை கொடுக்கவில்லை. நீ அப்படிச் செய்கிறவள் இல்லை. காரணம் அந்த வாய்ப் பூச்சு.

அதில் இருப்பது பூஞ்சையைக் கொல்லும் மருந்து. வாயில் தடவினாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அந்த இளஞ்சிவப்பு மாத்திரையை ஈரல்தான் மெல்ல மெல்ல உடைத்து வெளியேற்றுகிறது. இந்தப் பூச்சு அந்த வேலையைத் தடுத்துவிடும். மாத்திரை உடம்பிலேயே தேங்கி, வழக்கமான அளவே பல மடங்கு வேலை செய்யும். அம்மா கையில் நீலம் நீலமாக இருந்ததைக் கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டது என்று நீ ஜனவரியில் எழுதியிருந்தாய். இடித்ததில்லை அது.

ஒவ்வொரு கடிதத்திலும் உன்னிடம் "புது மாத்திரை ஏதாவது உண்டா" என்று கேட்டேன். நீயும் கடைசி வரியில் "புது மாத்திரை எதுவும் இல்லை" என்று தவறாமல் எழுதினாய். உண்மையைத்தான் எழுதினாய். இங்கே வார்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு மட்டும் கேட்டா, மாத்திரையை மட்டும்தான் சொல்வாங்க. பூசுறது, சொட்டு விடுறது, உறிஞ்சுறது, எல்லாத்தையும் தனித்தனியா கேளுங்க." ஊரார் அம்மாவுக்கெல்லாம் கேட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

பூச்சு ஒரு மருந்து என்று உனக்குத் தெரிய வழியில்லை. கடையில் யாரும் வேறு என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டிருக்கவும் மாட்டார்கள். உன் மேல் தப்பில்லை. ஆனால் நடந்தது இதுதான்.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உனக்கும் அத்தானுக்கும் சுகம்தானே?

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நீ கேட்டதற்கு: மாத்திரையை நீ சரியாகத்தான் கொடுத்திருக்கிறாய். வயதானவர்களுக்கு அந்த மாத்திரை சில சமயம் இப்படி ஆகிவிடும். உன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை நினைத்து மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

இங்கே குளிர் குறைந்திருக்கிறது.

அன்புடன்,
தங்கை


மார்ச் 19

அருமைத் தங்கைக்கு,

அக்காவின் அன்பு. வீட்டில் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதக் கை போகிறது. எல்லாரும் என்றால் இப்போது இரண்டே பேர்தான்.

உன் கடிதம் வந்த அன்றுதான் விடியும்வரை தூங்கினேன். அத்தான் பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாராம். கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், "என் தங்கச்சியே சொல்லிட்டா, மாத்திரையை நான் சரியாத்தான் குடுத்திருக்கேன்" என்று. நீ சொன்னால் எனக்கு அது கல்வெட்டு.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், உன் கடிதம் அந்த மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் நீ எழுதினால் நாலு பக்கம் போகும், அதில் மூன்று பக்கம் என் மேல் புகார். இப்போது குளிர் குறைந்திருக்கிறதாம்! எனக்கு மட்டும் போன் காதில் விழுந்தால் உன்னைப் பிடித்து உலுக்கியிருப்பேன். செவிடியாகப் போனேன், தபாலை நம்பித்தான் இருக்கிறேன். அழுதாயா? அதையாவது எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அழவில்லை. வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, அப்படி இருக்கிறது. கடித்தாலும் தெரியாது.

வேலைக்குப் போகிறேன். வார்டில் ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் தொங்குகிற மருந்துச் சீட்டை எடுத்து, எதோடு எது சேராது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். முன்பு ஓட்டமாகச் செய்வேன். இப்போது ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். போன வாரம் ஒரு பெரிய டாக்டர், "என்னம்மா, இதை மனப்பாடம் பண்றீங்களா?" என்று கேட்டார். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவுதான் வந்தது. மன்னித்துக்கொள்.

தங்கை


மே 8

பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். பதறாமல் படி. இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது. போன வாரம் உன் அத்தான் பஸ் பணிமனையில் உதிரிபாக அறையில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பி அடிக்கிறதாம், அதனால் ரத்தக் கட்டி உண்டாகி மூளைக்குப் போகலாமாம். அம்மா சாப்பிட்ட அதே இளஞ்சிவப்பு மாத்திரையை இவருக்கும் எழுதிவிட்டார்கள். இந்த முறை காலண்டரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

இன்னொரு கூத்து. பணிமனைத் தூசிக்கு அவர் வருஷக்கணக்காய் மூச்சுக்கு உறிஞ்சுகிறாரே ஒரு மருந்து, அதனாலோ என்னவோ வாயெல்லாம் வெள்ளை. அம்மாவுக்கு வந்ததேதான். காரம் பட்டால் குதிக்கிறார். நல்ல வேளை, அம்மாவின் குழாயை வைத்திருந்தேன். பார்த்தாயா, எதையும் தூக்கிப்போடக் கூடாது. இன்று மதியம் தடவிவிட்டேன். "அத்தைக்கு ஏன் உன் கை அவ்வளவு பிடிச்சுதுன்னு இப்பத் தெரியுது" என்கிறார். ஐம்பது வயதில் கொஞ்சலைப் பார்.

நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்: அந்த ஒன்றைத் தவிரப் புது மாத்திரை எதுவும் இல்லை.

உன் அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் இன்றுதான் வந்தது.

இன்றே பணிமனை எண்ணுக்குப் போன் செய்து அத்தானிடம் பேசினேன். அம்மாவின் பூச்சு காலாவதியாகிவிட்டது, இனி அதைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். உன்னிடம் சொல்லியிருப்பார். தயவுசெய்து அதைத் தூக்கிப்போட்டுவிடு. இந்த வாரமே அவருக்கு ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கிற பரிசோதனை செய்துவிடு. தள்ளிப்போடாதே.

தங்கை


மே 25

என் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். நீ போன் செய்ததில் அத்தானுக்கு ஏகப்பட்ட பெருமை. "மச்சினிச்சி எனக்காக டிரங்க் கால் போட்டா" என்று பணிமனை முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

குழாயைத் தூக்கிப்போட்டேன். கடைசிவரை பிதுக்குவதற்காக ஓரத்தை மடித்து மடித்து வைத்திருந்ததில் தேதி அச்சே அழிந்துபோயிருந்தது. நீ வந்திருந்தபோதே பார்த்திருக்கிறாய் போல. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் அதே பூச்சில் புதுசாக ஒன்று வாங்கிவிட்டேன். தேதியைக் கடைக்காரரையே படிக்கச் சொன்னேன், இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம். ஒரு வேளைகூட விடாமல் தடவுகிறேன். நாக்கு தெளிந்துகொண்டு வருகிறது.

பரிசோதனைக்கு அவருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை, அடுத்த மாதம்தான் போக வேண்டும். முழங்கைப் பக்கம் நீலமாக இருக்கிறது. உதிரிபாக ரேக்கில் இடித்துக்கொண்டாராம். அம்மா மாதிரியே, எங்கே இடித்தது என்றுகூடத் தெரியாத ஆள்.

புது மாத்திரை எதுவும் இல்லை.

உன் அக்கா


ஜூன் 1

அக்கா,

கடிதம் கிடைத்த உடனே பணிமனைக்குப் போன் செய்தேன். அத்தான் அந்த மாத்திரையையும் பூச்சையும் நிறுத்திவிட்டு, வேலையைப் போட்டுவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். "என்னம்மா, ஒரு பூச்சுக்கா?" என்றார். ஆமாம், அதற்குத்தான் என்றேன். ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து டாக்டரிடம் விவரம் சொல்லிவிட்டேன். இது உன் கைக்கு வரும்போது அவரை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

குழாய் காலாவதியானதா என்று எனக்குத் தெரியாது. நான் அதன் தேதியைப் பார்க்கவே இல்லை. அந்த மாத்திரையோடு அந்தப் பூச்சு சேராது என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அடுத்த நொடியே நீ அம்மாவை நினைப்பாய் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் நீ புதுசு வாங்கியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். முன்பே எழுதியது. அதைப் படி. மற்றதெல்லாம் அதில் இருக்கிறது.

அத்தான் உறிஞ்சு மருந்து எடுத்த பிறகு ஒவ்வொரு தடவையும் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். அப்போது வெள்ளை படராது.

அக்கா, எனக்கு நேற்று கை நடுங்கியது. போனை வைத்த பிறகு வெகு நேரம் நடுங்கியது. இந்த ஐந்து மாதத்தில் எனக்கு ஏதாவது ஆனது என்றால் அது ஒன்றுதான்.

தங்கை


ஜூன் 15

அன்பு மச்சினிக்கு,

உன் அத்தான் எழுதுவது. நான் பிழைத்துக் கிடக்கிறேன், நீயும் நலமாக இரு. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பணிமனையில் உதிரிபாகம் கேட்டு எழுதியதோடு சரி.

ரத்தம் தண்ணீராக இருந்ததாம். பரிசோதனை பண்ணின பெண் அளவைப் பார்த்துவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். மாத்திரையை நிறுத்தி, அதை முறிக்கிற மருந்து கொடுத்து, படுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதற்கு உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உன் அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு கடிதத்தையும் தையல் மெஷின் முன்னாலேயே படித்தாள். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டுப் பாதியில் நின்ற திரையைத் தைத்து முடித்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஏதாவது பேசேன்" என்று காதருகே போய்க் கத்திப் பார்த்தேன். "கேக்குது" என்றாள், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்க் கையைக் கழுவுகிறாள். சுத்தமாக இருக்கிற கையைக் கழுவுகிறாள்.

அவளுக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நீ அவளுக்கு எழுது.

அத்தான்


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? வேறெதுவும் எழுதத் தெரியவில்லை. எப்படி இருக்கிறாய்?

தங்கை


ஆகஸ்ட் 27

தங்கைக்கு,

அத்தான் தேறிவிட்டார். நானும் இருக்கிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பூச்சினால்தான் என்று படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ எழுதினாயே, ஊசி போட்ட கன்னம் என்று, அதேதான். அப்புறம் அந்தக் கடிதத்தின் தலைப்பில் தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி இருபது. அப்போதுதான் வலித்தது.

அன்றைக்கே நீ அனுப்பியிருந்தால் நான் செத்துப்போயிருக்க மாட்டேன், பொடிசு. உன்னைத் திட்டியிருப்பேன், என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன், ஒரு மாதம் விழுந்து கிடந்து அழுதிருப்பேன். ஆனால் மே மாதம் அந்தக் குழாயைக் கையால் தொட்டிருக்க மாட்டேன். எனக்குக் காதுதான் கேட்காது. தாங்குகிற மனசும் இல்லையென்று நீயாக முடிவு பண்ணிவிட்டாய். இரண்டு பேரை என் விரலாலேயே கொல்லப் பார்த்திருக்கிறேன், இரண்டாவது தடவை நீ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. எழுதிவிட்டேன், இனி எழுத மாட்டேன்.

"உன் கை பட்டாத்தாண்டி எரிச்சல் அடங்குது" என்று அம்மா சொன்னாளே. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிப்போடவும் முடியவில்லை. எரிச்சல் அடங்கியது என்னவோ நிஜம்தானே? அதையாவது நீ இல்லையென்று சொல்லிவிடாதே.

அத்தான் வாயில் திரும்பவும் கொஞ்சம் வெள்ளை. இந்தத் தடவை டாக்டரிடமே போனோம். நீ வார்டில் புதுசாகச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சாப்பிடுவது: இளஞ்சிவப்பு மாத்திரை, குறைத்த அளவு. நெஞ்சுத் துடிப்புக்கு ஒன்று, ஜூனில் ஆஸ்பத்திரியில் எழுதியது.
உறிஞ்சுவது: மூச்சுக்கு, பழையது. கொப்பளிக்கிறார்.
சொட்டு விடுவது: வாய்க்கு, புதுசு. நிஸ்டாடின் என்று சீசாவில் போட்டிருக்கிறது.
பூசுவது: ஒன்றும் இல்லை.

அந்தச் சொட்டு மாத்திரையோடு சண்டை போடாது என்று டாக்டர் சொல்கிறார். அத்தான் கண்ணாடி முன்னால் நின்று தானே விட்டுக்கொள்கிறார், பாதி சட்டையில் ஊற்றுகிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சீசாவை நான் கையில் எடுக்கலாமா என்று நீ எழுது. நீ எழுதினால் எடுப்பேன்.

நீ முதலில் எழுதுகிற கடிதத்தையே அனுப்பு.

அக்கா